இரு கோப்புகளும் ஒரே மேசைக்கு வரட்டும்

ராமநவமியை ஒட்டி, அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் திருவிழா தொடங்கும். இங்கே மூலவருக்கு வழக்கமான சிலை கிடையாது. உயர்ந்த கல் கம்பம்தான் பெருமாள். அரியலூர், பெரம்பலூர் மட்டுமின்றி அக்கம்பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் குடும்பத்தோடு வந்து, விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் செலுத்திவிட்டுப் போவார்கள். வெயில் ஏறத் தொடங்கிவிட்ட பருவம் அது. உச்சிப்பொழுதில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்தரையில் கால் வைத்தால், திடகாத்திரமானவரே நாலு எட்டு ஓடிப் பந்தல் நிழலில் புகுந்துகொள்கிறார்.

ஓட முடியாதவர் என்ன செய்வார்? போலியோவால் கால் சூம்பி, காலிப்பர் போட்டு நடப்பவருக்கு அந்த நாலு எட்டைக் கடக்கவே நெடுநேரம் ஆகிறது. தொடையைச் சுற்றிய தோல்பட்டைக்குள் வியர்வை தேங்கிப் புண்ணாகிறது. சூடேறிய இரும்பு, தோலில் படும்போதெல்லாம் சுரீர் என்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர், கையால் உருட்ட வேண்டிய வளையத்தைத் தொட முடியாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு உருட்டுகிறார். பார்வையற்றவருக்கு, எங்கே நிழல், எதுவரை கயிற்றுப்பாய் விரித்திருக்கிறது என்பது கால் சுட்ட பிறகுதான் தெரிகிறது. மூளை முடக்குவாதத்தால் கழுத்து நிற்காத வளர்ந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்மார்களை எந்த ஊர்த் திருவிழாவிலும் பார்க்கலாம்.

குறிப்பிட்ட ஒரு கோயிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, தாலுகா அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று எங்கே போனாலும் இதே நிலைதான். திருவிழாக் கூட்டத்தில் அது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

வெயில் எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை. வியர்க்காத உடம்பு வெப்பத்தை வெளியேற்றத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே கொதிக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் பல, வியர்வையைக் குறைக்கின்றன; தாகம் எடுப்பதையே சிலருக்கு மறக்கடிக்கின்றன. பேச வராதவர் தண்ணீர் கேட்பதற்கும் இன்னொருவர் கண்ணில் பட்டாக வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021 ஜூன் கடைசி வாரத்தில் அடித்த வெயிலுக்கு 619 பேர் பலியானார்கள். அவர்களைப் பற்றிய ஆய்வில், மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குச் சாகும் அபாயம் மற்றவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரியவந்தது. குளிர்நாட்டிலேயே இந்தக் கதி என்றால், சித்திரையிலும் வைகாசியிலும் நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்ட நம் மாவட்டங்களில் எத்தனை பேர் வீட்டுத் திண்ணையிலேயே சுருண்டு போகிறார்கள்? இறப்புச் சான்றிதழில் 'வெயில்' என்று யாரும் எழுதுவதில்லை.

தமிழ்நாடு அரசு இந்த விஷயத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்றது. காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் ஆட்சியரையே அதற்குப் பொறுப்பாக்கியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனித் துறை இருக்கிறது. உலக வங்கி உதவியோடு 'உரிமைகள்' திட்டம் நடக்கிறது. இரண்டு பக்கமும் வேலை நடக்கிறது. ஆனால், காலநிலைக் கோப்பு ஒரு மேசையில் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் கோப்பு வேறொரு மேசையில் இருக்கிறது. ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தெரிவதில்லை.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை மெரினா காட்டியது. கடலைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சக்கர நாற்காலியில் வாழ்பவர்களின் நீண்டநாள் கோரிக்கை. மணலில் சக்கரம் புதையும் என்பதால் சாலையோரத்தோடு அவர்கள் திரும்பிவிட வேண்டியிருந்தது. விடாமல் கேட்டு, போராடி, கடைசியில் 2022 நவம்பர் 27 அன்று ஏறத்தாழ ஒரு கோடியே பதினான்கு லட்சம் ரூபாயில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறக்கப்பட்டது. முதன்முறையாக அலையைத் தொட்ட பெரியவர்கள் அழுததையும் சிரித்ததையும் தொலைக்காட்சியில் தமிழ்நாடே பார்த்தது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல், அந்தப் பாதையின் கடலோரப் பகுதியைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. மாநகராட்சி பிறகு சரிசெய்து திறந்தது, நன்றி. ஆனாலும் கேள்வி மிச்சமிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் நடுவில், வங்கக் கடலின் விளிம்பில் கட்டும் ஒரு பாதை, ஒரு புயலையாவது தாங்க வேண்டாமா? புயலைப் பற்றித் தெரிந்தவர்களும் சாய்தளத்தைப் பற்றித் தெரிந்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து வரைந்திருந்தால் அது வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதன் மறுபக்கத்தைப் பார்க்க மெரினா வரை போக வேண்டியதில்லை. கோடையில் நம் ஊர் முச்சந்திகளில் திறக்கும் தண்ணீர்ப் பந்தலே போதும். நல்ல காரியம், காலங்காலமாக நடக்கிற தருமம். பந்தலுக்கு முன்னால் ஈரம் காயாமலிருக்க ஆற்று மணலைக் கொட்டியிருப்பார்கள். பானை, இடுப்புயர மேசைக்கு மேல் முக்காலியில் உட்கார்ந்திருக்கும். தவழ்ந்து வருபவருக்கும் மூன்று சக்கர வண்டியில் வருபவருக்கும் அந்தத் தண்ணீர் எட்டாது. யாராவது மொண்டு கொடுத்தால் உண்டு. பேருந்து நிழற்குடையும் அப்படித்தான். தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் மேடை எழுப்பி, எவர்சில்வர் குழாய்களால் இருக்கை அமைத்து, மேலே தகரமோ பிளாஸ்டிக் தகடோ போட்டுவிடுகிறார்கள். சாய்தளம் இல்லாததால் சக்கர நாற்காலிக்காரர் வெளியே வெயிலில். ஏறிப் போய் உட்கார்ந்தவருக்கோ இருக்கை சுடுகிறது. நிழலுக்காகக் கட்டியது ஒருவருக்கும் முழுதாக நிழல் தரவில்லை. பக்கத்தில் நின்ற புளியமரம் தந்திருக்கும். சாலையை அகலப்படுத்த அதை வெட்டியாயிற்று.

அரசு நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வருபவருக்கும் கட்டணமில்லாப் பயணம் உண்டு. ஏறுவதற்குத்தான் வழி இல்லை. முதல் படியே முழங்கால் உயரத்தில் தொடங்குகிறது. தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் உரிமை ஆர்வலர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். அதன் பலனாக 2024 ஆகஸ்டில் சென்னையில் அவை மீண்டும் ஓடத் தொடங்கின. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் அவை எப்போது வரும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை ஆகாது. வெயிலில் பேருந்து கிடைக்காமல் போனால் மற்றவர் அடுத்த பேருந்தைப் பிடிப்பார். ஏற முடியாதவருக்கு அடுத்த பேருந்தும் இதே பேருந்துதான்.

வெயில் முடிந்தால் மழை. அரியலூர் மண்ணுக்கு மழையின் கொடுமை தெரியும். 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்று வெள்ளம் ரயில்பாதையை அரித்துத் தூத்துக்குடி விரைவு ரயிலைக் கவிழ்த்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தெற்கே திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டால் கரையோரக் கிராமங்கள் கலங்குகின்றன. நம்முடையது பல இடங்களில் கரிசல் மண். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரை சேறு அப்பிக்கொள்ளும். அரசு கொடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் வாசலில் நிற்கும். அதன் இணைப்புச் சக்கரம் இரண்டும் அச்சுவரை புதைந்து கிடக்கும். ஊன்றுகோலை ஊன்றினால் முழம் ஆழம் இறங்கும், எடுத்தால் ரப்பர் குமிழ் சேற்றிலேயே தங்கிவிடும். தண்ணீர் சூழ்வதற்கு முன்பே அந்த வீடு தீவாகிவிடுகிறது.

எச்சரிக்கை எப்படி வருகிறது? தண்டோராவுக்குத் தமிழ்நாட்டில் 2022-இல் தடை வந்தது. அது மிகச் சரியான முடிவு. அதன் இடத்தில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. காது கேளாதவருக்குத் தண்டோராவும் ஒன்றுதான், ஒலிபெருக்கியும் ஒன்றுதான். செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறதே என்றால், பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் தாய்மொழி. அரசாங்கத் தமிழில் எழுதிய நீண்ட வாக்கியம் அவர்களுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. பேரிடர் எச்சரிக்கையைச் சைகை மொழிக் காணொளியாகவும் பிரெயில் கையேடாகவும் கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தயாரித்திருக்கிறது. பக்கத்து மாநிலம் செய்ததை நாம் செய்ய முடியாதா?

எச்சரிக்கை கிடைத்து, எப்படியோ முகாமுக்கும் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். முகாம் என்பது பெரும்பாலும் அரசுப் பள்ளிக்கூடம். வகுப்பறை வாசலில் சாய்தளம் இருக்கும். அதைச் சற்று உட்கார்ந்து கவனியுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. பல பள்ளிகளில் நாலைந்து அடியில் முடித்திருப்பார்கள். தானாக உருட்டிக்கொண்டு ஏறினால் நாற்காலி பின்னுக்குக் கவிழும். கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில் இருக்கும், வழியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும், கழிப்பறைக் கதவு நாற்காலியை விடக் குறுகல். முகாமுக்கு வந்தால் இரவு பகலாகத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று தெரிந்த பெண், வெள்ளம் வந்தாலும் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. அவரைப் பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டுப் படகு திரும்பிவிடக் கூடாது.

சட்டம் இல்லாமலா இத்தனையும்? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருக்கிறது. அதன் 8-ஆவது பிரிவு நேரடியாகப் பேரிடரைப் பற்றியதுதான். மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவேடாக வைத்திருக்க வேண்டும். ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சேர்க்க வேண்டும். பேரிடருக்குப் பிறகு மீண்டும் கட்டும்போதும் எல்லோரும் பயன்படுத்தும்படி கட்ட வேண்டும். 'செய்யலாம்' என்று அல்ல, 'செய்ய வேண்டும்' என்றே சட்டம் சொல்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வெளியான ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்பது 45-ஆவது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2022 ஜூனில். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கிய பேரிடர்த் தணிப்புக்கென்றே 2019-இல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

பதிவேடு தயாரிப்பது மலையைப் புரட்டுகிற வேலையா என்றால், அதுவும் இல்லை. கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை போகிறது. அந்தப் பட்டியல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பெயர், முகவரியோடு இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலருக்கு, எந்தத் தெருவில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்பது மனப்பாடம். கிராம நிர்வாக அலுவலருக்குத் தாழ்வான வீடுகள் தெரியும். அங்கன்வாடிப் பணியாளருக்குப் பிள்ளைகளைத் தெரியும். இந்த நாலு பேரும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் அந்த ஊரின் பதிவேடு முடிந்தது. 2011 கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் என்றது. அப்போது கணக்கில் எடுத்தது 8 வகைக் குறைபாடுகளை. சட்டம் இன்று ஏற்பது 21 வகை. ஆகவே, டெல்லியிலிருந்து புதிய எண்ணிக்கை வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

பெயர் எழுதுவதோடு நின்றுவிட்டாலும் உயிர் போகும். ஜெர்மனியின் சின்சிக் நகரில் 2021 ஜூலை 14 இரவு நடந்தது அதுதான். மாற்றுத்திறனாளிகள் விடுதி, யார் எந்த அறையில் இருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆர் ஆற்று வெள்ளம் உள்ளே புகுந்தபோது, தரைத்தளத்தில் இருந்தவர்களை மேலே ஏற்ற ஆள் போதவில்லை. 12 பேர் மூழ்கி இறந்தார்கள். அவ்வளவு வசதியான நாட்டில், யார் யாரைத் தூக்குவது என்று முன்கூட்டித் தீர்மானிக்காததால் நேர்ந்த சாவுகள் அவை. ஜப்பான் இதைப் படிப்படியாகக் கற்றது. 2011 சுனாமியில் மாற்றுத்திறனாளிகளின் இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. 2013-இல் உதவி தேவைப்படுவோரின் பட்டியலை உள்ளாட்சிகள் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள். பட்டியல் மட்டும் போதவில்லை என்று கண்டு, 2021-இல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் வகுக்க முயல வேண்டும் என்று மீண்டும் திருத்தினார்கள். இன்னாரை இன்னார் வந்து அழைப்பார், இந்த வண்டியில், இந்த இடத்துக்கு என்பதுதான் அந்தத் திட்டம். நம் கிராமங்களில் இது இன்னும் எளிது. எதிர்வீட்டுக்காரர் யார் என்று நமக்குத் தெரியும்.

இப்போது நமக்கு ஒரு நல்ல வாய்ப்பு கிடைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. நகராட்சிகள், பேரூராட்சிகள் மட்டுமின்றி கிராம ஊராட்சிகளுக்கும் 388 ஊராட்சி ஒன்றியங்களுக்கும் 37 மாவட்ட ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். தேர்தலில் நின்று செலவழித்து ஜெயிக்க முடியாதவர்களுக்குத் திறந்த கதவு இது. மனதாரப் பாராட்ட வேண்டிய சட்டம். என் கவலை ஒன்றுதான். அந்த உறுப்பினரைச் சுதந்திர தினத்தன்று முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தி அனுப்பிவிடுவார்களோ என்பதுதான். அவருக்கு வேலை கொடுங்கள். ஊராட்சியின் வெயில் ஏற்பாடும் வெள்ள ஏற்பாடும் அவர் பார்த்துக் கையெழுத்திடாமல் ஒன்றியத்துக்குப் போகக் கூடாது என்று ஆணை பிறப்பியுங்கள். நிழற்குடை கட்டி முடித்தால், ஒப்பந்ததாரருக்குப் பணம் போவதற்கு முன்பு அவர் அதில் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். முகாமாக ஒதுக்கிய பள்ளியின் கழிப்பறைக்கு அவர் ஒருமுறை போய்வரட்டும். பொறியாளரின் அளவுப் புத்தகத்தில் அகப்படாத பிழை அவருக்கு அகப்படும். மேலே சொன்ன இரண்டு கோப்புகளும் ஒன்றுசேர வேண்டிய மேசை தலைமைச் செயலகத்தில் இல்லை, ஊராட்சி அலுவலகத்தில்தான் இருக்கிறது.

செலவைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் எப்போதும் உண்டு. கட்டும்போதே சாய்தளத்தைச் சேர்த்தால் ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்த பிறகு இடித்துக் கட்டுவதுதான் செலவு. தாழ்வான தண்ணீர்க் குழாய்க்கும் உயரமான தண்ணீர்க் குழாய்க்கும் விலை ஒன்றே. அந்தச் சாய்தளத்தில் தள்ளாத வயதுக்காரரும் நிறைமாதக் கர்ப்பிணியும் மூட்டு வலிக்காரரும் ஏறப்போகிறார்கள். சிமெண்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. தொடக்கத்தில் சொன்ன கல்லங்குறிச்சியின் பெயரிலேயே ஒரு பாறைப் படிவம் உண்டு. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடலாக இருந்தபோது சிப்பிகள் படிந்து உண்டான சுண்ணாம்புக்கல். அதை வெட்டித்தான் நம் மாவட்டத்து ஆலைகள் சிமெண்ட் அரைக்கின்றன. அந்த லாரிகளின் புழுதியையும் தண்ணீர் நிற்கும் சுரங்கப் பள்ளங்களின் ஆபத்தையும் சுமப்பது இங்கே வாழ்கிறவர்கள்தான். ஊருக்கெல்லாம் சிமெண்ட் கொடுக்கும் மாவட்டத்தில், சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியும் இருக்கும்போது, நாலு மூட்டை சிமெண்ட் இல்லாமல் ஒருவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்றால் அதை ஏற்க முடியாது. அந்த நிதியைச் செலவிடும் விதிகளில் மாற்றுத்திறனாளிகள் நலனும் முன்னுரிமை இனமாக இருக்கிறது.

அரியலூர், பெரம்பலூர் மாவட்ட ஆட்சியர்கள் இருவரிடமும் கேட்க விரும்புவது இதுதான். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, 8-ஆவது பிரிவு சொல்லும் பதிவேட்டை ஊராட்சிவாரியாக முடித்து, யாரை யார் அழைத்து வருவது என்பதையும் அதில் எழுதுங்கள். முகாம்களில் ஊராட்சிக்கு ஒன்றையாவது கழிப்பறை வரை சரிசெய்யுங்கள். அடுத்த ராமநவமிக்கு முன்பு கல்லங்குறிச்சியில், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து சன்னிதி வரை நிழலும் குளிர்ந்த தரையும் கைப்பிடியும் உள்ள ஒரு வழியை, மாற்றுத்திறனாளிகளையே கூட்டி வைத்துத் திட்டமிடுங்கள். அறநிலையத் துறையும் ஊராட்சியும் சேர்ந்தால் ஒரு மாத வேலை அது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. காத்திருந்தது போதும்.